பதில்: மியூசிக் டைரக்டர் என்றால் இசையமைப்பாளரா?

டர்பன் சிட்டி ஹால் சிம்பொனி நோட்டீஸில் நாலு பேருக்கு நாலு விதக் கண்டக்டர் (வாத்தியக் குழுவைக் கோல் பிடித்து நடத்துபவர்) பட்டம் இருக்கிறது, சங்க மலரில் எப்படித் தமிழில் போடுவது என்று கேட்டிருந்தீர்கள்.

'மியூசிக் டைரக்டரை' மட்டும் இசையமைப்பாளர் என்று எழுதிவிடாதீர்கள். நான் ஒருமுறை எழுதினேன். சாட்ஸ்வொர்த்திலிருந்து ஓர் ஆன்ட்டி போன் போட்டு, "எந்தப் படத்துக்குத் தம்பி மியூசிக் போட்டார்?" என்று கேட்டார். சினிமா பழக்கம், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. இங்கே மெட்டுப் போடுவது அவர் வேலை இல்லை. கோலைப் பிடித்து நடத்துவதோடு, சீசனில் எதை வாசிப்பது, யாரை அழைப்பது, புது வாத்தியக்காரர்களில் யாரைச் சேர்ப்பது என்பதிலும் அவர் பேச்சு எடுபடும். 'சீஃப் கண்டக்டர்', 'பிரின்சிபல் கண்டக்டர்' எல்லாம் ஏறக்குறைய அதே நாற்காலிதான். அதிகாரம் ஒப்பந்தத்தைப் பொறுத்தது. லண்டன் சிம்பொனி வாத்தியக் குழுவில் 2023 வரை சைமன் ராட்டில் மியூசிக் டைரக்டர். 2024இல் வந்த பப்பானோ சீஃப் கண்டக்டர். இரண்டுக்கும் 'தலைமை இசை நடத்துநர்' போதும். 'இசை'யை விட்டால் பஸ் கண்டக்டர் ஆகிவிடுவார்!

'பிரின்சிபல் கெஸ்ட்' வருஷத்தில் சில வாரம் வந்து போகிறவர். 'அசோசியேட்' ஒத்திகையில் அரங்கத்தின் பின்வரிசையில் உட்கார்ந்து, வயலினைப் பித்தளை வாத்தியங்கள் அமுக்குகிறதா என்று கேட்டுச் சொல்வார். தலைமைக்குக் காய்ச்சல் என்றால் அன்றைக்கு மேடை இவருக்கு. 'லாரியட்', 'எமரிட்டஸ்' பதவி விட்டவருக்குத் தரும் மரியாதை. ராட்டில் இப்போது லண்டனில் எமரிட்டஸ்தான்.

அப்புறம், வியன்னா பில்ஹார்மோனிக் வாத்தியக் குழுவில் 1933க்குப் பிறகு நிரந்தரக் கண்டக்டரே கிடையாது. எல்லாரும் விருந்தாளிகள்தான்.