பழைய பிரித்தானியப் பொன், வெள்ளிக் காசுகள்: தொடக்கநிலைச் சேகரிப்பாளரின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: தங்கத்தில் தொடங்குவதா, வெள்ளியில் தொடங்குவதா?

வெள்ளியில் தொடங்குங்கள். தங்கக் காசில் செய்யும் பிழைக்குக் கொடுக்கும் விலை அதிகம். 1816ஆம் ஆண்டின் நாணயச் சீர்திருத்தத்துக்குப் பின், வெள்ளிக் காசுகளான ஷில்லிங்கின் எடை 5.66 கிராம், ஹாஃப் கிரவுனின் எடை 14.14 கிராம் என்று நிலைபெற்றது. 1919 வரை அவற்றில் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி இருந்தது. 1920இல் அது 500 பங்காகக் குறைக்கப்பட்டது. 1947இல் வெள்ளி அடியோடு நீங்கிச் செம்பும் நிக்கலும் கலந்த உலோகம் வந்தது. இந்த மாற்றங்களின்போது காசின் எடை மாறவில்லை என்பதால் தராசு உங்களுக்கு எதையும் காட்டிக்கொடுக்காது. ஆண்டைத்தான் பார்க்க வேண்டும். விக்டோரியா அரசியின் கடைசிக் காலத்து ஷில்லிங்குகள் பழகுவதற்கு ஏற்றவை. தேய்ந்த பத்துக் காசுகளை வாங்குவதைவிட, எழுத்தும் அரசியின் தலைமுடி இழையும் தெளிவாகத் தெரியும் ஒன்றை வாங்குவதே நல்லது.

கேள்வி: பாட்டியின் காசு மாலையில் ஐந்து சவரன் காசுகள் உள்ளன. இவை சேகரிப்புக் காசுகளாகுமா?

நாம் நகைக்கடையில் சொல்லும் 'சவரன்' என்ற சொல்லே 'சாவரின்' என்ற பிரித்தானியத் தங்கக் காசின் பெயரிலிருந்து வந்ததுதான். நம் சவரன் 8 கிராம்; 1817இல் வெளிவந்த அசல் சாவரின் 7.99 கிராமுக்குச் சற்றுக் குறைவு. அது 22 காரட் ஆதலால் அதில் 7.32 கிராம் தூய தங்கம் இருக்கும். ஆனால் மாலைக்காக வளையம் பொருத்திய காசின் விளிம்பில் பற்றாசின் தடம் தங்கிவிடும். தேர்ந்த சேகரிப்பாளர் அதைத் தங்கத்தின் விலைக்கு மேல் பெரும்பாலும் மதிக்கமாட்டார். அதற்காக வளையத்தைக் கழற்றிவிட்டு விளிம்பை அரத்தால் தேய்த்துச் சரிசெய்ய வேண்டாம், பழுது இரட்டிப்பாகும். பாட்டியின் மாலை மாலையாகவே இருக்கட்டும்.

விற்க எண்ணினால் முதலில் ஒவ்வொரு காசின் பூப்பக்கத்தையும் உருப்பெருக்கியால் பாருங்கள். புனித ஜார்ஜ் ஏறியிருக்கும் குதிரையின் கீழ், ஆண்டுக்கு மேலே உள்ள தரைக்கோட்டில் 'ஐ' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது பம்பாய் அக்கசாலையில், அதாவது காசு அடிக்கும் சாலையில், அடித்தது. அங்கே 1918 என்ற ஓராண்டுக் காசு மட்டுமே சாவரினாக அடிக்கப்பட்டது. 'எஸ்' சிட்னியையும், 'எம்' மெல்பர்னையும், 'பி' பெர்த்தையும், 'எஸ்ஏ' பிரிட்டோரியாவையும் குறிக்கும்.

கேள்வி: கறுத்த வெள்ளிக் காசைத் திருநீற்றால் துலக்கலாமா?

கூடாது. குத்துவிளக்குக்கு அது சரி, காசுக்கு அழிவு. இளம் வயதில் ஒரு நல்ல ஹாஃப் கிரவுனை நானே அப்படித் துலக்கி, அதன் மதிப்பில் பெரும்பகுதியை விரல் நுனியில் துடைத்தெடுத்தவன்.

கேள்வி: ஆன் அரசியின் உருவத்துக்குக் கீழே 'வீகோ' என்று பொறித்திருப்பது ஏன்?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. 1702இல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் சேர்ந்த கடற்படை, ஸ்பெயினின் வீகோ குடாவில் அமெரிக்காவிலிருந்து வெள்ளி ஏற்றிவந்து நின்ற கப்பல்களைத் தாக்கியது. பெரும்பகுதி வெள்ளி முன்னரே கரையேறியிருந்தது. கைக்குக் கிடைத்தது லண்டன் அக்கசாலைக்கு வந்தது. அங்கே அப்போது தலைவராக இருந்தவர் ஐசக் நியூட்டன். வெற்றியை நாடெங்கும் கைமாறும் காசிலேயே பறைசாற்ற அந்தச் சொல்லைப் பொறித்தார்கள். கிடைத்த தங்கம் மிகச் சொற்பம் என்பதால் கினி என்னும் தங்கக் காசுகளில் வீகோ என்று பொறித்தவை செல்வந்தருக்கே எட்டும். வெள்ளியாலான வீகோ ஷில்லிங்கையோ ஆறு பென்ஸ் காசையோ நம் போன்றோரும் பொறுமையிருந்தால் தேடிப் பெறலாம். இவ்வாறே இரண்டாம் ஜார்ஜின் 1745, 1746ஆம் ஆண்டுக் காசுகளில் 'லீமா' என்ற சொல் (பெரு நாட்டு நகரின் பெயர்) ஸ்பானியரிடம் கைப்பற்றிய வெள்ளியைக் குறிக்கிறது. இரண்டாம் சார்லஸின் கினிகளில் காணும் யானை, ஆப்பிரிக்க வணிகக் குழுமம் கொண்டுவந்த தங்கத்தின் அடையாளம்; அந்தக் குழுமமே அடிமை வணிகத்தையும் நடத்தியது என்பதை அந்தச் சிறு யானையைக் காணும்போதெல்லாம் நினைக்காமல் இருக்க முடியவில்லை.

கேள்வி: தங்கம் அசல் என்று தட்டார் உரசிப் பார்த்துச் சொல்லிவிட்டால் சாவரினும் அசல்தானே?

அவ்வாறு கொள்ள முடியாது. 1950, 60களில் பெய்ரூட் முதலிய இடங்களில் சரியான தங்கத்தைக் கொண்டே போலிச் சாவரின்கள் அடிக்கப்பட்டன; தங்கத்தின் விலையைவிடக் காசுக்குக் கூடுதல் விலை கிடைத்ததே காரணம். உரைகல் அங்கே பயன்படாது, உரசுவது காசையும் கெடுக்கும். நூறில் ஒரு கிராம் வரை காட்டும் தராசில் எடையையும், 22.05 மில்லிமீட்டர் விட்டத்தையும் பார்த்தபின், எழுத்துகளின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா, குழைந்திருக்கிறதா என்பதைக் கவனியுங்கள். ஐயமற்ற ஒரு காசைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதைவிடச் சிறந்த வழியை நான் இதுவரை அறியவில்லை.

கேள்வி: இந்தியாவில் வாங்கிய காசுகளை வெளிநாட்டில் இருக்கும் மகனுக்குக் கொண்டுசெல்லலாமா?

நூறாண்டுக்குக் குறையாத பழமையுள்ள காசு, 1972ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைக் கருவூலச் சட்டப்படி தொல்பொருளாகும். அதைத் தனியார் ஏற்றுமதி செய்யத் தடையுண்டு. பம்பாய்ச் சாவரினும் அந்த எல்லையைக் கடந்துவிட்டது. மகன் தமக்கு வேண்டியதை அங்கேயே வாங்கிக்கொள்ளட்டும்.