தினமும் ஆபீஸ், மாதம் ஒருமுறை டிரெய்லர்: எந்த எஞ்சின்?

கேள்வி: புதிதாக ஃபோர்டு எஃப்-150 பிக்கப் டிரக் வாங்கப் போகிறேன். ஆபீஸ் போக வர தினமும் 60 மைல். மாதம் ஒருமுறை 5,000 பவுண்டு கேம்பர் டிரெய்லரை இழுக்க வேண்டும். 2.7 லிட்டர் டர்போவா, 5.0 லிட்டர் வி8-ஆ?
- வாசகர், டாலஸ்

பதில்: தயங்காமல் 2.7 எடுங்கள். எண்ணைப் பார்த்தால் சின்ன எஞ்சினாகத் தோன்றும். ஆனால் 400 பவுண்டு-அடி டார்க் (சக்கரத்தைச் சுழற்றும் பலம்), நிமிடத்துக்கு 3,000 சுற்றிலேயே முழுசாகக் கிடைத்துவிடும். எட்டு சிலிண்டர் வி8 தருவது 410. அதற்கு எஞ்சினை 4,000 சுற்றுக்கு மேல் விரட்ட வேண்டும். பாரத்தோடு மேடு ஏறும்போது இந்த வித்தியாசம் காலுக்கே தெரியும்.

நான் எட்டு வருடம் வி8 ஓட்டியவன், அந்தச் சத்தம் இன்னமும் எனக்குப் பிடிக்கும். ஆனால் கொலராடோவில், 11,000 அடிக்கு மேலே இருக்கும் ஐசனோவர் சுரங்கப்பாதைக்கு டிரெய்லரோடு ஏறியபோது, மிதியைத் தரையோடு அழுத்தியும் வேகம் 40 மைலைத் தாண்டவில்லை. மேலே காற்று மெலிது. டர்போ காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் தள்ளும்; அது இல்லாத வி8 மூச்சு வாங்கும்.

அப்புறம், பாரத்தோடு போகும்போது டர்போவும் பெட்ரோலை நன்றாகவே குடிக்கும். அது மாதம் ஒருமுறைதானே, சரி. மிச்சம் தினசரி ஓட்டத்தில் வரும்.

எஞ்சினைவிட முக்கியமான ஒன்று: டிரைவர் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பேலோடு எண்ணை, அதாவது வண்டி தன்மேல் சுமக்கக்கூடிய எடையை, படியுங்கள். டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம், அதாவது 500 முதல் 750 பவுண்டு, கொக்கி வழியாக வண்டியின் மேல்தான் உட்காரும். குடும்பம், பெட்டி, ஐஸ்பாக்ஸ் எல்லாம் அதற்கு மேல். கூட்டிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுங்கள்.