பழைய குருத்தோலை

அன்புள்ள ஐயா,

இன்னும் பத்து நாளில் சாம்பல் புதன், ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கிவிடும். எனக்குச் சொந்த ஊர் தூத்துக்குடி, வேலை சென்னையில். வருடாவருடம் சாம்பல் பூசிக்கொள்கிறேன், நாற்பது நாளும் கறி மீன் தொடுவதில்லை, வெள்ளிக்கிழமை தவறாமல் சிலுவைப்பாதைக்குப் போகிறேன். ஆனால் மனசு மட்டும் கூட வருவதில்லை. பாதி நாள் போன பிறகுதான் தவக்காலம் நடக்கிறது என்பதே உறைக்கிறது. மனசை முன்கூட்டியே தயார்செய்ய வழி உண்டா? நல்ல ஜெபப் புத்தகம் ஏதாவது சொல்லுங்கள்.

ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

புத்தகம் சொல்லப்போவதில்லை. இப்படி வாங்கிய நாலு புத்தகம் என் அலமாரியில் பிரிக்காமல் இருக்கிறது.

முயற்சி போதவில்லை என்று நினைக்காதீர்கள். சின்ன வயதில் ஞானோபதேச வகுப்பில் 'ஒருசந்தி, சுத்தபோசனம்' என்று மனப்பாடம் செய்தோமே, அதில் ஒருசந்தி என்றால் ஒரு வேளை மட்டும் முழுச் சாப்பாடு, சுத்தபோசனம் என்றால் கறி தவிர்ப்பது. அந்த ஒருசந்தி இன்றைய சட்டப்படி சாம்பல் புதனும் பெரிய வெள்ளியும் ஆக இரண்டே நாள்தான். நீங்கள் அதற்கு மேலேயே செய்கிறீர்கள்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் தவக்காலத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறுகளைத் திருச்சபை தனியாக ஒதுக்கியிருந்தது. பூசையில் ஊதா உடுப்பு அப்போதே வந்துவிடும், அல்லேலூயா நின்றுவிடும். 1969-இல் திருவழிபாட்டு நாட்காட்டியைத் திருத்தியபோது அதை எடுத்துவிட்டார்கள். இப்போது செவ்வாய் பிரியாணி, புதன் சாம்பல். நடுவில் ஒரு ராத்திரி. மனசு என்ன, மோட்டார் சுவிட்சா?

எங்கள் குமரி மாவட்டத்தில், மார்த்தாண்டம் பக்கம், மலங்கரை முறைக் கோவில்கள் உண்டு. சிரியாக் மரபில் வழிபடுகிற கத்தோலிக்கர்கள். அவர்களுக்குப் பெரிய நோன்பு, அதாவது தவக்காலம், தொடங்குவது சாம்பல் புதனுக்கு முந்தைய திங்கட்கிழமை. அதற்கு மூன்று வாரம் முன்பே நினிவே நோன்பு என்று மூன்று நாள் இருந்துவிடுவார்கள். பெரிய நோன்பு தொடங்குகிற திங்களன்று சுப்கோனோ என்று ஒரு வழிபாடு நடக்கும். சிரியாக் சொல், மன்னிப்பு என்று பொருள். சில வருடங்களுக்கு முன் ஒரு நண்பரோடு போய்ப் பின்வரிசையில் நின்றேன். குருவானவர் முதலில் மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். அப்புறம் மக்கள் ஒருவரிடம் ஒருவர். பக்கத்தில் நின்ற பெரியவருக்கு நான் யாரென்றே தெரியாது, என் கையைப் பிடித்து அவரும் கேட்டார். முன்பின் தெரியாதவரை மன்னிக்க என்ன கஷ்டம்? சந்தோஷமாகத் தலையாட்டினேன். ஆட்டும்போதே தம்பி ஞாபகம் வந்துவிட்டது.

அப்பா விட்டுப்போன தென்னந்தோப்பில் நடைபாதை விடுகிற விஷயத்தில் ஆறு வருடமாக எங்களுக்குள் பேச்சில்லை. அந்த ஆறு தவக்காலத்திலும் நான் கறி தொடவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். காணிக்கையைப் பீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய்ச் சகோதரனோடு சமாதானமாகு என்ற மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தை, ஞாயிறு வாசகத்தில் நானே கோவிலில் வாசித்திருக்கிறேன். நல்ல குரல் என்று பாராட்டினார்கள்.

அதனால் எனக்குத் தெரிந்த ஒரு வழி இதுதான். உங்கள் வீட்டில் இயேசு படத்துக்குப் பின்னால் போன வருடம் குருத்து ஞாயிறன்று கோவிலில் கொடுத்த குருத்தோலை செருகியிருக்கும். வருகிற ஞாயிறு அதை எடுத்துக் கோவிலில் கொடுங்கள். பழைய ஓலையை எரித்த சாம்பலைத்தானே நெற்றியில் பூசுகிறார்கள். எடுக்கும்போது, இதைச் செருகிய நாளுக்கு அப்புறம் யார் யாரோடு பேச்சு நின்றது என்று ஒரு கணக்குப் பாருங்கள். பழையவர்கள் ஆத்தும சோதனை என்று சொன்னது ஏறக்குறைய இதைத்தான். நாம் அதை ஈஸ்டருக்கு முந்தைய பெரிய வாரத்தில், குருவிடம் பாவங்களைச் சொல்கிற பாவசங்கீர்த்தன வரிசையில் நிற்கும்போது அவசர அவசரமாகச் செய்கிறோம். இந்தத் தடவை முதலிலேயே செய்துவிடுங்கள். அழுகை வரவில்லையே, உருக்கம் வரவில்லையே என்று காத்திருக்க வேண்டாம். ஒரு பெயர் கிடைத்தால் போதும்.

தம்பி கதை பாக்கி இருக்கிறது. மறுநாள் செவ்வாய் ராத்திரி அவன் வீட்டுக்குப் போனேன். யோசித்து வைத்திருந்த பேச்சு எதுவும் வரவில்லை. தம்பி மனைவி கட்டன்சாயா கொடுத்தாள், குடித்தேன். பாதை விவகாரம் இன்றுவரை தீரவில்லை. ஆனால் புதன்கிழமை காலையில் சாம்பல் பூச வரிசையில் நின்றபோது அவன் எனக்கு முன்னால் நின்றிருந்தான். பூசிக்கொண்டு திரும்பினவன் என்னைப் பார்த்து, "அண்ணா, வெளிய நில்லு, வண்டியில சேர்ந்தே போவோம்" என்றான்.