நேட்டோ நிஜமாவே ஓடி வந்துச்சா?

கேள்வி: நேட்டோ ராணுவக் கூட்டணியில இருக்கற ஒரு நாட்டை அடிச்சா எல்லாரும் வருவாங்கன்னு சொல்றாங்களே, எப்பவாவது வந்திருக்காங்களா சார்? - வாசகர், திண்டுக்கல்

பதில்: ஒரே ஒரு தடவை, அதுவும் அமெரிக்காவுக்காக! 2001 செப்டம்பர் 11 தாக்குதல் நடந்த மறுநாளே பிரஸ்ஸல்ஸ்ல கூடி, ஒருத்தர அடிச்சா எல்லாரையும் அடிச்ச மாதிரின்னு சொல்ற நேட்டோ ஒப்பந்தத்தோட 5-வது ஷரத்தை கையில எடுத்துட்டாங்க. 1949-ல ஒப்பந்தம் போட்டப்ப சோவியத் உள்ள புகுந்தா ஐரோப்பாவை அமெரிக்கா காப்பாத்தும்ங்கறதுதான் கணக்கு, கடைசில பார்த்தா ஜெர்மனியில நின்ன அவாக்ஸ் ரேடார் விமானங்க 13 நாட்டு ஆளுங்களோட அட்லாண்டிக் தாண்டிப் போயி 2002 மே வரைக்கும் அமெரிக்க வானத்துல ரோந்து சுத்துச்சு. ஆனா ஒண்ணு, படை அனுப்பியே ஆகணும்னு அந்த ஷரத்துல எங்கயும் இல்ல, தேவைன்னு தோணுறத அவங்கவங்க செஞ்சுக்கலாம், அவ்ளோதான். ஒப்பந்தத்துக்கு அமெரிக்க செனட் (அவங்க நாடாளுமன்ற மேலவை) சம்மதிக்கணுமேன்னு வேணும்னே லூசா எழுதி வச்சது அது.