நம்பர் பிளேட் மாட்டிய காரை ஷோரூமிலேயே விட்டுவிட்டு வராதீர்கள்

திருப்பூரிலிருந்து ஒரு வாசகர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். சுருக்கம் இதுதான். கார் விலைகளை ஒப்பிட்டுக் காட்டும் இணையதளம் ஒன்றில் போன் நம்பரைக் கொடுத்து மூன்று டீலர்களின் கொட்டேஷன் பார்த்திருக்கிறார். இருப்பதில் குறைவானது ஆன்-ரோடு 10,84,000. அந்த டீலரிடமே புக் செய்து, கையிலிருந்து 2,84,000 கட்டினார். வங்கிக் கடன் 8 லட்சம் நேராக டீலர் கணக்குக்குப் போனது. டெலிவரி அன்று மாலை, எலுமிச்சம்பழத்தோடு குடும்பமாகப் போனால், கணக்கு 11,54,000 என்கிறார்கள், இன்னும் 70,000 கட்டினால்தான் சாவி. மனைவி, பிள்ளைகள் முன்னால் வாக்குவாதம். "வண்டியே வேண்டாம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். ஐம்பது நாள் ஆகிவிட்டது, இரண்டு இஎம்ஐ கட்டவில்லை. இணையதளம், டீலர், கார் கம்பெனி மூன்று பேர் மேலும் 25 லட்சம் கேட்டு வழக்குப் போட்டு, கட்டிய பணத்தை முழுவதுமாகத் திரும்ப வாங்க முடியுமா என்பது கேள்வி.

நீங்கள் எழுதிய நான்கு பக்கத்தில் மூன்று பக்கம் அந்த விற்பனையாளர் பேசிய பேச்சு. உங்கள் மனைவி முன்னால் அப்படிப் பேசியிருக்கக் கூடாது, வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் வழக்கில் அதற்குப் பெரிய இடமில்லை, ஒரு பத்தி எழுதினால் போதும். உங்கள் கடிதத்தில் சட்டத்துக்கு முக்கியமான வரி மூன்றாம் பக்கத்தில் போகிற போக்கில் வருகிறது: "நம்பர் பிளேட் எல்லாம் மாட்டி, ரிப்பன் கட்டி நிறுத்தியிருந்தார்கள்."

நம்பர் பிளேட் மாட்டியிருந்தது என்றால் அநேகமாக வண்டி உங்கள் பெயரில் பதிவாகிவிட்டது என்று அர்த்தம். வாழ்நாள் வரி கட்டியாகிவிட்டது, காப்பீடு ஓட ஆரம்பித்துவிட்டது, கார் வங்கிக் கடனுக்கு ஈடு என்ற குறிப்பு (ஹைப்பாதிகேஷன்) ஆர்சியில் ஏறியிருக்கும். இந்தக் கடிதத்தைப் படித்த கையோடு அரசின் வாகனப் பதிவு இணையதளமான வாகன் தளத்திலோ எம்பரிவாகன் செயலியிலோ அந்த நம்பரைப் போட்டுப் பாருங்கள். உங்கள் பெயர் வந்தால், "புக்கிங் ரத்து, முழுப் பணம் வாபஸ்" என்ற பேச்சை அநேகமாக விட்டுவிட வேண்டியதுதான். பதிவான காரை டீலர் வேறு யாருக்கும் புதிய காராக விற்க முடியாது, அடுத்து வாங்குகிறவர் இரண்டாவது உரிமையாளர். பதிவுக்கு முன்னால் என்றால் நிலைமை வேறு. புக்கிங் பணத்தை டீலர் பிடித்துக்கொள்ள வேண்டுமானால் தனக்கு உண்மையில் நஷ்டம் வந்தது என்று காட்ட வேண்டும், ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015-இல் கைலாஷ் நாத் வழக்கில் அப்படித்தான் விளக்கியது. இங்கே டீலரால் அந்த நஷ்டத்தைச் சுலபமாகக் காட்டிவிட முடியும்.

அடுத்து, யார் மேல் வழக்கு. கார் கம்பெனியை விட்டுவிடுங்கள். டீலர் பழைய காரைப் புதியது என்று விற்ற கோவா வழக்கில்கூட, கம்பெனிக்கு அது தெரிந்திருந்தது என்று காட்டாமல் பொறுப்பாக்க முடியாது என்று 2021-இல் உச்ச நீதிமன்றம் டாடா மோட்டார்ஸ் வழக்கில் சொல்லிவிட்டது. இணையதளமும் அப்படித்தான். நீங்கள் அதற்கு ஒரு ரூபாய்கூடக் கட்டவில்லை, பணமெல்லாம் டீலருக்குத்தான் போயிருக்கிறது. அது காட்டுகிற விலைக்குக் கீழே பொடி எழுத்தில் "தோராயமானது, டீலரிடம் உறுதி செய்துகொள்ளவும்" என்று இருக்கும். அந்தத் தொகை டீலர் உங்களுக்குக் கொடுத்த வாக்கு ஆகாது. மூன்று எதிர்தரப்பைச் சேர்த்தால் மூன்று வக்கீல்கள் மூன்று வாய்தா கேட்பார்கள், உங்களுக்கு லாபம் எதுவும் இல்லை.

உங்கள் கையில் இருக்கும் உருப்படியான சாட்சியம் ஒன்றுதான். நீங்கள் ஷோரூமுக்குப் போவதற்கு முதல் நாள் விற்பனையாளர் அனுப்பிய வாட்ஸாப்: "சார், சைட்ல வந்த ரேட்டே ஓகே, அதே 10.84 தான், நேர்ல வாங்க." இணையதளம் சொன்னதை டீலரின் ஆள் தன் வாயால் ஏற்றுக்கொண்டது அந்தச் செய்தியில்தான். அந்த போனை எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிடாதீர்கள், அந்த உரையாடலை அழிக்காதீர்கள். ஸ்கிரீன்ஷாட்டைப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் மட்டும் போதாது. 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழ் இணைக்க வேண்டும், அதற்கு அசல் போன் இருப்பது நல்லது. நல்ல வழக்குகள் எக்ஸ்சேஞ்சுக்குப் போன போனோடு போய்விட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

இதற்கு எதிராக டீலர் எடுத்துப் போடப்போவதையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: "புக்கிங் சமயத்தில் ஒரு ஓடிபி வந்தது, கேட்டார், சொன்னேன்." ஓடிபி சொன்னதை புக்கிங் படிவத்தில் கையெழுத்துப் போட்டதாகத்தான் அவர்கள் காட்டுவார்கள். அந்தப் படிவத்தில் "டெலிவரி தேதியில் உள்ள விலையே பொருந்தும்" என்று ஒரு வரி கட்டாயம் இருக்கும். அந்த வரி மட்டுமே அவர்களைக் காப்பாற்றிவிடாது, விலையைக் குறைத்துச் சொல்லி வரவழைத்துவிட்டுக் கடைசி நாளில் ஏற்றுவது நியாயமற்ற வணிக நடைமுறை என்று வாதிடலாம், நானும் வாதிட்டிருக்கிறேன். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு ஜெயிக்கிற வழக்கு இல்லை.

சரி, அந்த 70,000 என்ன என்று பார்ப்போம். நீங்கள் அனுப்பிய இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பார்த்தேன். எக்ஸ்-ஷோரூம் விலை இரண்டிலும் 9,40,000தான். இணையதளத் தாளில் சாலை வரி 94,000, அதாவது 10 சதவீதம். அது தமிழ்நாட்டில் 2023 நவம்பருக்கு முன்னால் இருந்த விகிதம். இப்போது 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை 13 சதவீதம், ஆக 1,22,200. இந்த 28,200 வித்தியாசம் அரசாங்கத்துக்குப் போன பணம், எந்த டீலரிடம் வாங்கியிருந்தாலும் கட்டியிருப்பீர்கள், இதை யாரிடமும் திரும்பக் கேட்க முடியாது. (10 லட்சத்தைத் தாண்டினால் 18 சதவீதம், 20 லட்சத்தைத் தாண்டினால் 20. ஒப்பீட்டுத் தளத்தில் விலை பார்க்கிறவர்கள் முதலில் சாலை வரி எவ்வளவு போட்டிருக்கிறது என்று பாருங்கள், தளத்தில் எந்த ஊர் தேர்வாகியிருக்கிறது என்பதையும் பாருங்கள். புதுச்சேரி விலையைப் பார்த்து மயங்கி அங்கே ஒரு முகவரி காட்டிப் பதிவு செய்யப் போனால், அது வேறு பெரிய தலைவலி.)

மிச்சம் 41,800. அதில் 'எசென்ஷியல் கிட்' என்று 18,500: மிதியடி, சீட் கவர், மட்கார்டு. நீங்கள் கேட்காததை உங்கள் தலையில் கட்ட முடியாது, இது உங்கள் பக்கம் மிக உறுதியான புள்ளி. 'ஹேண்ட்லிங்' 8,500, இது அரசு விதித்த கட்டணம் எதுவும் இல்லை, எதற்கு என்று எழுத்தில் கேளுங்கள். காப்பீடு 14,800 கூடுதல், மொத்தம் 55,800. டீலர் சொல்லும் பாலிசியைத்தான் எடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2017-இலேயே காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் வழிகாட்டுதல் போட்டுவிட்டது. புதிய காருக்கு மூன்றாம் நபர் காப்பீடு மூன்று வருடத்துக்குக் கட்டாயம், சொந்த சேதத்துக்கு ஒரு வருடம் எடுத்தால் போதும். ஆனால் பாலிசி எடுத்துப் பதிவும் முடிந்த பிறகு அதை மாற்றுவது பெரும்பாடு. பாலிசித் தாளைக் கேட்டு வாங்கி, அதில் அச்சாகியிருக்கும் பிரீமியமும் உங்களிடம் கேட்ட 55,800-ம் ஒன்றா என்று மட்டும் பாருங்கள். ஒன்றில்லை என்றால் அந்த வித்தியாசம் உங்கள் பணம்.

ஆக, உங்கள் சண்டை 25 லட்சத்துக்கு இல்லை, நிஜமான தொகை 41,800. அதில் வலுவாகக் கேட்கக்கூடியது 27,000.

இப்போது நான் உண்மையில் பயப்படும் விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் அந்த இரண்டு இஎம்ஐயை "கார் கைக்கு வராமல் எதற்குக் கட்ட வேண்டும்" என்று நிறுத்தியிருக்கிறீர்கள். எல்லாரும் கேட்கும் கேள்விதான், நியாயமாகவும் தெரியும். ஆனால் கடன் ஒப்பந்தத்தில் டீலர் இல்லை, நீங்களும் வங்கியும்தான். வங்கி நீங்கள் சொன்ன கணக்குக்குப் பணத்தை அனுப்பிவிட்டது, அதன் வேலை முடிந்தது. கார் கிடைத்ததா, சீட் கவர் பிடித்ததா என்பது வங்கியின் பிரச்சினை இல்லை. மாதம் 16,600 சொச்சம் தவணை, இரண்டு மாதம், மேலே அபராதக் கட்டணம், தவணை திரும்பியதற்கு உங்கள் வங்கியும் கடன் கொடுத்த வங்கியும் தனித்தனியே போடும் கட்டணம். சிபிலில் இரண்டு கறுப்புப் புள்ளி இப்போதே விழுந்திருக்கும். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. கணக்கிலிருந்து தானாகப் பிடிக்கும் தவணை, பணம் இல்லாமல் திரும்பினால், 2007-ஆம் வருடத்துப் பணப்பட்டுவாடாச் சட்டம் 25-ஆம் பிரிவில் அது குற்றம், செக் பவுன்ஸ் மாதிரியேதான், இரண்டு வருடம் வரை சிறைக்கு இடம் இருக்கிறது. நோட்டீஸ் வந்து 15 நாளுக்குள் கட்டிவிட்டால் அதோடு போகும், ஆனால் அது வரைக்கும் ஏன் போக வேண்டும்?

பள்ளி ஆசிரியர் ஒருவர், என் கட்சிக்காரர். கிட்டத்தட்ட உங்கள் கதைதான், டீலரோடு 30,000 சொச்சத்துக்குச் சண்டை. வண்டியை எடுக்க மாட்டேன், தவணையும் கட்ட மாட்டேன் என்று வைராக்கியமாக இருந்தார். என்னிடம் வரும்போது ஐந்து தவணை பாக்கி. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் அவருக்குச் சாதகமாகத்தான் உத்தரவு வந்தது, டீலர் பணத்தைத் திருப்பிக் கொடுத்தார், செலவுத் தொகையும் கிடைத்தது. ஆனால் அதற்குள் வங்கி யார்டிலேயே போய் வண்டியை எடுத்துக்கொண்டு ஏலம் போட்டு, கடனில் மிச்சம் நின்ற தொகையை அவரிடம் கேட்டது. அடுத்த வருடம் மகளுக்குக் கல்விக் கடன் கேட்டபோது மேனேஜர் திரையைத் திருப்பிக் காட்டினாராம். அன்று சாயங்காலம் என் அலுவலகத்தில் அந்த மனிதர் உட்கார்ந்திருந்த விதம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. அவருடைய வழக்கு நியாயமானதுதான், அதனால்தான் மனசு கேட்கவில்லை.

வண்டி யார்டில் நிற்பதிலும் ஆபத்து இருக்கிறது. பேட்டரி இறங்கும், டயர் ஒரே இடத்தில் அழுந்தும், அதெல்லாம் சின்ன விஷயம். ஷோரூம் பையன் யாராவது அந்தக் காரை எடுத்துக்கொண்டு ரோட்டில் போய் ஒருவர் மேல் மோதினால், விபத்துத் தீர்ப்பாயத்திலிருந்து நோட்டீஸ் ஆர்சியில் பெயர் இருப்பவருக்குத்தான் வரும். பதிவில் யார் பெயரோ அவர்தான் உரிமையாளர் என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. காப்பீடு இருக்கிறது, பணம் அவர்கள் கட்டலாம், ஆனாலும் நீங்கள் ஓட்டிப் பார்க்காத காருக்காக வருடக்கணக்கில் தீர்ப்பாயத்துக்கு நடக்க வேண்டியிருக்கும்.

அதனால் நாளைக்கே செய்ய வேண்டியது, பாக்கி இரண்டு தவணையையும் கட்டிவிடுங்கள். நுகர்வோர் வழக்குக்கு இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. தவணைக்கு அந்த அவகாசம் இல்லை.

அப்புறம் டீலருக்கு ஒரு மின்னஞ்சல், ஷோரூம் மேனேஜருக்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் பிரிவுக்கும் சேர்த்து. கோபமாக எழுதாதீர்கள். கிட் வேண்டாம், கழற்றிக்கொள்ளுங்கள். ஹேண்ட்லிங் கட்டணத்துக்கு விளக்கம் வேண்டும். பாலிசி நகல் வேண்டும். சாலை வரி வித்தியாசத்தைக் கட்டத் தயார். இவ்வளவுதான். பெரும்பாலும் கிட்டை விட்டுக்கொடுப்பார்கள், ஐம்பது நாளாக இடத்தை அடைத்து நிற்கும் பதிவான கார் அவர்களுக்கும் பாரம்தான். கிட்டும் ஹேண்ட்லிங்கில் பாதியும் தள்ளினால், அதாவது 22,000 பக்கம் குறைத்தால், வாங்கிக்கொண்டு சாவியோடு வந்துவிடுங்கள். நான் உங்கள் வக்கீலாக இருந்தாலும் இதைத்தான் சொல்வேன், இதில் எனக்கு ஃபீஸ் போனாலும் பரவாயில்லை.

ஒரு பைசா குறைக்க மாட்டேன் என்றால், பணம் கட்டுவதற்கு முன்னால் "வண்டியை எடுப்பதற்காக மட்டும், என் ஆட்சேபத்துடன் கட்டுகிறேன், திரும்பக் கேட்கும் உரிமை எனக்கு உண்டு" என்று மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, 70,000-ஐ வங்கி வழியாகக் கட்டுங்கள், ரொக்கமாக வேண்டாம். டெலிவரி சமயத்தில் ஒரு தாளை நீட்டுவார்கள், சாவி கொடுக்கும் பரபரப்பில், போட்டோ எடுக்கிற நேரத்தில். "எல்லா வகையிலும் திருப்தி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று அதில் இருக்கும். கையெழுத்துக்கு மேலே உங்கள் கைப்பட "விலை குறித்த ஆட்சேபம் நிலுவையில்" என்று எழுதிவிட்டுப் போடுங்கள், அந்தத் தாளை போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். எழுத விடவில்லை என்றால் வெளியே வந்து அந்த நிமிடமே நடந்ததை மின்னஞ்சலில் எழுதி அனுப்புங்கள்.

அதன் பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் ஒரு புகார், பலன் இல்லை என்றால் திருப்பூரிலேயே மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், கட்டணம் 400 ரூபாய். 41,800-ம், மன உளைச்சலுக்கு நியாயமான ஒரு தொகையும் கேளுங்கள். 25 லட்சம் என்று போட்டால் முதல் பக்கத்திலேயே உங்கள் மேல் நம்பிக்கை குறைந்துவிடும். போலீசில் மோசடிப் புகார் கொடுக்கச் சொல்லி மைத்துனர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள், வேண்டாம், சிவில் விவகாரம் என்று எழுதி முடித்துவிடுவார்கள், அந்த முடிப்பு அறிக்கையை டீலர் ஆணையத்தில் தாக்கல் செய்வார்.

முதலில் வாகன் தளத்தில் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள். இல்லை என்றால், அதாவது தற்காலிகப் பதிவு மட்டும் என்றால், மேலே சொன்னதில் பாதி மாறும், ஆனால் தவணை விஷயம் மாறாது.