அடக்க வேண்டிய நரம்புச் செல் நீல ஒளி பட்டதும் துடிப்பது ஏன்?

நரம்புச் செல்லை நீல ஒளியால் அடக்க அதில் சேர்க்கும் ஜிடிஏசிஆர்2 புரதம் கெட்டுப்போகவில்லை. அதற்குப் பதிலாக, செல் உடலோடு நின்றுவிடும் எஸ்டிஜிடிஏசிஆர்2 வடிவத்துக்கு மாறினால், எலிமூளைச் சீவலில் ஒளி விழுந்த முதல் சில மில்லிவினாடிகளில் நீங்கள் காணும் அந்த ஒற்றை மின்துடிப்பு பெரும்பாலும் மறைந்துவிடும்.

காரணம் ஆக்சானில், அதாவது செல் உடலிலிருந்து துடிப்பைக் கடத்தும் நீண்ட இழையில், இருக்கக்கூடும். இப்புரதம் குளோரைடு அயனிக்கு வழிவிடும் வாயில். செல் உடலில் குளோரைடு குறைவு என்பதால் அங்கே அது துடிப்பை அடக்குகிறது; ஆக்சானிலோ செறிவு அதிகம் என்பதால், வாயில் திறந்ததும் குளோரைடு வெளியேறி, மின்னழுத்தம் உயர்ந்து, எழும் துடிப்பு பின்னோக்கிச் செல் உடலை வந்தடைகிறது. 2018-இல் வெளியான எஸ்டி வடிவத்தில் கேவி2.1 பொட்டாசியம் வாயிலின் ஒரு துண்டைச் சேர்த்திருப்பது, புரதம் ஆக்சானுக்குள் பரவாமல் தடுக்கத்தான்.

எஸ்டி வடிவத்தின் மரபணுவைச் செல்லுக்குள் கொண்டுசெல்லும் புதிய வைரஸை வாங்குமுன் ஒன்று செய்து பாருங்கள். ஒளிப்புள்ளியைச் சுருக்கி, முதலில் செல் உடல்மீதும், பிறகு ஆக்சான் செல்லும் பாதையிலும் பாய்ச்சுங்கள். இரண்டாவதில் மட்டும் துடிப்பு எழுந்தால் இதுவே காரணம் என்று துணிந்து கொள்ளலாம்.

ஆனால் சீவல் பிறந்து சில நாட்களே ஆன குட்டியிலிருந்து எடுத்தது என்றால், செல் உடலிலேயே குளோரைடு அதிகமாக இருக்கும். அப்போது வடிவத்தை மாற்றுவது மட்டும் போதாது, வளர்ந்த எலியின் சீவலில் சோதனையை மீண்டும் செய்வதே நல்லது.