கதிர்வீச்சுச் சிகிச்சை முடிந்த பிறகு ஈரல் ஏன் கெடுகிறது?

களுவாஞ்சிகுடியிலிருந்து ஒரு மகள் கேட்கிறார்: "அப்பாவின் ஈரல் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு முடிந்து இரண்டு மாதம். இப்போது வயிறு ஏன் வீங்குகிறது?"

புற்றுநோய் மீண்டிருக்கலாம், கதிர்வீச்சின் பின்விளைவாகவும் இருக்கலாம். இதில் நோய் எதிர்ப்புத் தொகுதிக்குப் பெரிய பங்குண்டு. ஈரலின் நுண் குருதிக்குழாய்களில் குப்ஃபர் கலங்கள் என்ற காவலாளிகள் குடியிருக்கின்றன. கதிரில் சிதைந்த கலங்களின் டி.என்.ஏ. துணுக்குகளைக் கண்டதும், கிருமி புகுந்துவிட்டதைப் போல அவை டி.என்.எஃப். ஆல்ஃபா போன்ற அழற்சிப் பொருள்களைச் சுரக்கின்றன. தப்பிப் பிழைத்த ஈரல் கலங்களும் அதில் அடிபடுகின்றன. பின்னர் டி.ஜி.எஃப். பீட்டா என்ற புரதம் தழும்பு நாரை வளர்க்க, சிறு நாளங்கள் அடைபட்டு வயிற்றில் நீர் கோக்கிறது. பெரும்பாலும் 4 மாதத்துக்குள் இது தலைகாட்டும்.

கண் மஞ்சளாகாமலே, வயிறு வீங்கி, உடுத்த சாரம் இடுப்பில் இறுகலாம். கீழ்க்காய்நெல்லிச் சாற்றை நம்பிக் காத்திருக்காமல், புற்றுநோய் கிளினிக்குக்கு உடனே கூட்டிச் செல்லுங்கள். ஈரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி வைரஸ் மறுபடி கிளம்பியிருக்கிறதா என்றும் கேளுங்கள்.